ஐஞ்சாவது பேணி

அக்கராயன்
03.03.2024

அன்பும் பண்பும் வேறு பல நல்ல குணங்களும் நிறைந்த மச்சான் யோசெப் அறிய வேண்டியது,

இஞ்ச நானும் என்ர கொய்யாக் கவையும் நல்ல சுகம். உங்கை நீரும் உம்மட கோபமும் எப்பிடி இருக்கிறியளோ தெரியேல்லை.

என்ர தங்கச்சி, அதாவது உம்மட மனிசி சிவரூபி, நேற்று ஒரு சட்டம் போட்டவள். "அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் போனிலை கதைச்சால் மூண்டாவது நிமிசம் சண்டை, நாலாவது நிமிசம் கட். இனி என்ர போனை இதுக்குத் தரமாட்டன். கதைக்கிறதெண்டால் கடிதம் எழுதுங்கோ. எழுதேக்குள்ளை கை நோகும், புளுகு குறையும்" எண்டாள். எனக்குக் கை நோகாது மச்சான். நான் ஐஞ்சாம் வகுப்பை ரெண்டு தரம் படிச்சனான். ஐஞ்சை ரெண்டாலை பெருக்கினால் பத்து. பத்தாம் வகுப்புக்காரனுக்குக் கடிதம் ஒரு பெரிய வேலையோ?

விசயத்துக்கு வாறன். போன வருசம் உங்கட கோவில் திருநாள் விளையாட்டுப் போட்டியைப் பற்றி ஒரு பிழையான கதை உலாவுது. கவையிலை றப்பர் கட்டித் தகரப் பேணிக்குக் கல்லடிக்கிற கெற்றப்போல் போட்டியிலை நான் பேணியை விட்டிட்டுக் கோவில் லவுட்ஸ்பீக்கரை உடைச்சுப்போட்டனாம். உண்மை வேறை. சுவாமியார் அறிவித்தல் வாசிக்கேக்குள்ளை அவரின்ர தலைக்கு நேர மேலை, ஸ்பீக்கர் வாயிலை, ஒரு குளவி. பெருவிரலளவு. அறுபது அடியிலை நிண்டு அந்தக் குளவியை ஒரே கல்லிலை விழுத்தி, ஒரு குருவானவரைக் காப்பாற்றினது நான். கல்லு போற வழியிலை ஸ்பீக்கர் இருந்ததுக்கு நான் என்ன செய்ய?

ஒண்டை மட்டும் ஒத்துக்கொள்ளுறன். நீர் "மச்சானுக்குக் கை நடுங்குது" எண்டு சனத்துக்கு முன்னாலை சிரிச்ச உடனை எனக்கு விசர் வந்திட்டுது. மைக்கைப் பறிச்சன். "வாற வருசம் இதே இடத்திலை ஐஞ்சு பேணிக்கு ஐஞ்சையும் விழுத்தாட்டி, என்ர மருமகளின்ர கலியாணத்திலை தாய்மாமன் எண்டு வந்து நிக்கமாட்டன், இது அந்தோனியார் அறிய!" எண்டு சொல்லிப்போட்டன். ஒரு ஸ்பீக்கர்தான் செத்தது. மற்றது நல்லா வேலை செய்தது. அதுதான் பிழைச்சுப் போச்சு. கடலிலை நிண்ட வள்ளக்காரருக்கும் கேட்டதாம்.

அப்ப பிள்ளைக்குக் கலியாணப் பேச்சே இல்லை. இப்ப ஆடி பிறக்க முதல் முடிக்கவேணுமெண்டு யூலை பத்துக்கு நாள் வைச்சாச்சு எண்டு தங்கச்சி சொல்லுறாள். திருநாள் யூனிலை. நான் பயப்பிடேல்லை. உமக்குப் பயமாயிருந்தால் சொல்லும், சபதத்தை இரண்டு பேரும் சேர்ந்து மறப்பம்.

இப்படிக்கு,
குறி தவறாத
தவராசா


கள்ளப்பாடு, முல்லைத்தீவு
14.03.2024

திரு. தவராசா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குளவி இருக்கேல்லை.

அந்த ஸ்பீக்கரைத் தோளிலை சுமந்துகொண்டு திருத்தத் திரிஞ்சது நான். திருத்தின பிறகும் சுவாமியார் வாயைத் திறந்தால் அது வாத்து மாதிரிக் கத்துது. பெரிய வெள்ளிக்கிழமையும் கத்தப்போகுது. சனம் அழாமல் சிரிக்கப்போகுது. அதுக்கும் உங்களைத்தான் நினைப்பினம்.

சபதத்தை மறக்கிறதைப் பற்றி. நான் வெக்கத்தை விட்டிட்டுச் சுவாமியாரைக் கேட்டனான். "அவர் எனக்குச் சொல்லேல்லை யோசெப், அந்தோனியாருக்குச் சொன்னவர். நான் நடுவிலை நிக்கிற தபால்காரன்தான்" எண்டிட்டார். அவர் விட்டாலும் ஊர் விடாது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் இதே ஊர். முன் வரிசையிலை கச்சான் கடலை சாப்பிட்டபடி நீங்கள் சொன்னதைக் கேட்டவை. நீங்கள் தோத்துப்போட்டும் வந்து நிண்டால், "வாய்வீச்சு மாமன்ர மருமகள்" எண்டு என்ர பிள்ளையைக் காலம் முழுக்கப் பகிடி பண்ணுவினம். வராட்டி அதைவிட மோசம்.

ஏனெண்டால் மகள் ஜெயரூபினி ஒரே பிடியாய் நிக்கிறாள். "வாகனத்தாலை இறக்கி, கோவில் வாசல் மட்டும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாறது மாமாதான். மாமா வராட்டி நான் இறங்கமாட்டன்" எண்டு சொல்லுறாள். வாசலிலையிருந்து உள்ளுக்கை கொண்டுபோறதுதான் எனக்காம். பெத்து வளர்த்தவனுக்கு அரைவாசி, புளுகினவனுக்கு அரைவாசி.

ஆனபடியால் ஐஞ்சுக்கு ஐஞ்சு. வேற வழி இல்லை.

இங்ஙனம்,
பி. யோசெப்


அக்கராயன்
09.04.2024

மச்சான்,

"திரு" போட்டு எழுதினதுக்கு நன்றி. இந்த ஊரிலை எனக்குத் திரு போடுறது கரண்ட் பில் மட்டும்தான்.

பிள்ளை சொன்னதை மூண்டு தரம் வாசிச்சன். கண்ணுக்கை தூசி விழுந்திட்டுது. வயல்காத்து.

பயிற்சி தொடங்கியாச்சு. ஆனால் மச்சான், அடிக்கிறது லேசு, நேரம் எடுக்கிறதுதான் கஷ்டம். நான் கெற்றப்போலைத் தொட்ட உடனைதான் என்ர மனிசி சுமித்திராவுக்கு வேலையள் ஞாபகம் வரும். கவையைக் கையிலை எடுத்தால், "இஞ்சருங்கோ, ரெண்டு தேங்காய் உரிச்சுத் தாங்கோ." றப்பரை இழுத்தால், "மாடு கத்துறது காதிலை விழேல்லையோ?" ஒரு கண்ணை மூடிக் குறி பாத்தால், "உந்தக் கண்ணுக்கு என்ன? வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் காட்டுவமோ?" திங்கள் கமக்காரர் கூட்டம். செவ்வாய் ஒரு செத்த வீடு. புதன் வாய்க்கால் துப்பரவு. வெள்ளிக்கிழமை அவ கோவிலுக்குப் போற ஒரு மணித்தியாலம்தான் எனக்குச் சொந்தம். அதுவும் முழுசாய் இல்லை. போகேக்குள்ளை நடந்து போவா, வரேக்குள்ளை ஆரேன் ஒராளின்ர மோட்டச்சைக்கிளிலை ஏறி வந்திடுவா.

ஆனாலும் கவலையை விடும். கனடாவிலை இருக்கிற என்ர மகன் நிரோஜனுக்கு விசயத்தைச் சொன்னனான். பெரிய பாசல் ஒண்டு வந்திறங்கியிருக்கு. இரும்புக் கவை. மணிக்கட்டைத் தாங்கிறதுக்குக் கம்பி வளையம். மஞ்சள் றப்பர் பட்டி. குறி பாக்கச் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற குட்டி லைற். சைக்கிள் சில்லுக்குள்ளை கிடக்கிற மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிய இரும்புக் குண்டு, போல்ஸ் எண்டுறது, ஒரு பை. சந்திரனுக்குப் போற ஆக்கள் பாவிக்கிற இரும்பாம். நிரோஜன் அப்பிடிச் சொல்லேல்லை, எனக்குத் தடவிப் பாக்கவே தெரிஞ்சது.

எல்லாத்தையும் விட உடுப்பு! ஒரு கையில்லாத சட்டை, ஒரு தொப்பி. பச்சையும் மண்ணிறமும் கறுப்புமாய்த் திட்டுத் திட்டாய் நல்ல வடிவு. பத்துப் பொக்கற். கனடாவிலை கெற்றப்போல் அடிக்கிற பெரியாக்கள் இதைத்தான் போடுறவையாம். நாளைக்குப் போட்டுக்கொண்டு சந்திக்குப் போய்ச் சித்திரை வருசத்துக்குச் சாமான் வாங்கப் போறன். எங்கட ஊர்ப் பொன்னையா பாத்து வயிறெரியட்டும்.

தவராசா


கள்ளப்பாடு
13.04.2024

மச்சான்!

அந்த உடுப்பைப் போடாதையும்! சத்தியமாய் மண்டைக்குள்ளை ஒண்டும் இல்லையோ உமக்கு? அது ஆமிக்காரற்றை, ராணுவத்தின்ர நிறம். நாங்கள் போடப்படாது, சட்டம். உம்மட பெடியன் கனடாவுக்குப் போய்ப் பதினைஞ்சு வருசத்திலை மறந்திட்டான், சரி. நீர் எங்கை போனனீர்? வன்னியிலை அந்த நிறத்தைக் கண்டால் மாடும் ஒதுங்கி நிக்கும். நீர் அதைப் போட்டுக்கொண்டு சந்திக்கு வருசச் சாமான் வாங்கப் போறீராம்!

கடிதம் சுணங்கிப் பிந்திப்போகும் எண்டு சிவரூபியிட்டைப் போனைக் கேட்டன். "சட்டம் சட்டம்தான், எழுதுங்கோ" எண்டிட்டா. உங்கட குடும்பத்திலை எல்லாருக்கும் சட்டம் தெரியும், உம்மைத் தவிர.

கழட்டும்.

யோசெப்


அக்கராயன்
22.04.2024

அன்பு மச்சான்,

உம்மட கடிதம் நேற்று வந்தது. கோபத்திலை "திரு"வை மறந்து "நீர்" எண்டு எழுதிப்போட்டீர். எனக்குச் சந்தோசம்.

உடுப்பு விசயம் ஒண்டும் பெரிசாய் நடக்கேல்லை. சந்தியிலை இறங்கினன். சனம் ரெண்டு பக்கமும் விலகி வழி விட்டது. அப்பிடி ஒரு மரியாதை என்ர கலியாணத்திலையும் எனக்குக் கிடைக்கேல்லை. கடைக்காரன் எழும்பி நிண்டான். பிறகு மோட்டச்சைக்கிளிலை ரெண்டு பொலிசார் வந்து, என்னைப் பாத்துத் திகைச்சுப் போச்சினம். "ஐயா, கொஞ்சம் எங்களோடை வாங்கோ" எண்டு பின்னுக்கு ஏத்திக்கொண்டு போச்சினம். அங்கை நான் இருக்கிறதுக்கு எனக்கெண்டு தனி வாங்கு. "எங்கை பயிற்சி எடுத்தனீங்கள்?" எண்டு கேட்டிச்சினம். "என்ர வீட்டு மாமரத்தடியிலை, வெள்ளிக்கிழமையிலை" எண்டு விளக்கமாய்ச் சொன்னன். "என்ன ஆயுதம்?" எண்டிச்சினம். கொய்யாக் கவை எண்டன். ஒராள் எழுதினதை நிப்பாட்டிப்போட்டு மற்றாளைப் பாத்தார். எல்லாரும் சேர்ந்து சிரிச்சம். தேத்தண்ணி தந்தினம். பின்னேரம் எங்கட கிராம சேவகர் விதானையாரே நேரிலை வந்து என்னை அழைச்சுக்கொண்டு போனார்.

உடுப்பை ஞாபகார்த்தமாய் அவையிட்டையே குடுத்திட்டன்.

தவராசா


கள்ளப்பாடு
05.05.2024

மச்சான்,

பொன்னையா அண்ணை கருவாடு வாங்க வந்தவர். கருவாட்டோடை உம்மட கதையையும் நிறுத்துத் தந்திட்டுப் போனார்.

நீர் நாலு மணித்தியாலம் வாங்கிலை இருந்தனீராம். விதானையார் வந்து, "இவர் ஆபத்தில்லாத ஆள், வாய் மட்டும்தான்" எண்டு எழுதிக் கையெழுத்து வைச்ச பிறகுதான் விட்டவையாம். சட்டையைக் குடுத்திட்டு வெறும் மேலோடை, கையிலை வருசச் சாமான் பையோடை பஸ்ஸிலை வந்தனீராம். பஸ்ஸிலை பொன்னையா அண்ணை ஒரு துவாய் தந்தவராம். அதைத் திருப்பிக் குடுக்கட்டாம்.

நான் அப்ப கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டிருந்தனான். தங்கூசி நைலோன் நூலைப் பல்லாலை கடிச்சபடி சிரிக்கப்போய், ஆடிக்கொண்டிருந்த பல்லு கழண்டு வலைக்குள்ளை விழுந்திட்டுது. போன வருசம் ஸ்பீக்கர், இந்த வருசம் என்ர பல்லு. அக்கராயனிலை இருந்தபடியே உடைக்கிறீர்.

சிரிச்சு முடிய ஒரு யோசனை வந்தது. ஜெயரூபினி சீலைக்குச் சட்டை தைக்கக் குடுத்திட்டாள். "மாமா எத்தினை பேணி விழுத்துறாராம் இப்ப?" எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறாள். நான் என்ன சொல்ல? உண்மையைச் சொல்லும், மச்சான். புதுச் சாமானாலை எத்தினைக்கு எத்தினை?

இன்னொண்டு. இந்த முறை பேணி வைக்கிற பொறுப்பை விளையாட்டுக் குழு என்னட்டைத் தந்திருக்கு.

யோசெப்


அக்கராயன்
24.05.2024

அன்பின் மச்சான்,

பல்லுக்கு என்ர ஆழ்ந்த அனுதாபங்கள்.

எத்தினைக்கு எத்தினை எண்டு கேட்டிருந்தீர். முப்பது அடிச்சதிலை முப்பதும் பேணிக்குக் கிட்ட. சில நேரம் பேணிக்கும் போல்ஸுக்கும் இடையிலை ஒரு தலைமயிர்தான் போகலாம். ஒரு முறை பேணி காத்திலை ஆடினதை நானே கண்டனான்.

பிழை என்னிலை இல்லை. அந்தக் கனடாச் சாமான் கனடாவுக்குத்தான் சரி. மஞ்சள் றப்பர் எங்கட வெயிலிலை பப்படம் மாதிரி வெடிக்குது. கம்பி வளையம் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்குது, குறி பாக்கேக்குள்ளை விலங்கு போட்ட மாதிரி. வாங்கிலை இருந்த பிறகு எனக்கு அது ஒத்து வரேல்லை. சிவப்பு லைற் நல்லாத்தான் இருக்கு. ஆனால் பேணியிலை சிவப்புப் பொட்டு விழுந்த உடனை எங்கட பூனை ஓடிப்போய்ப் பேணிக்கு மேலை பாயுது. இந்த மாசம் பேணியளை விழுத்தினது எல்லாம் பூனைதான். பன்ரண்டுக்குப் பன்ரண்டு. அதைக் கொண்டுவந்து போட்டியிலை விடலாமெண்டால் சொல்லும்.

அதாலை பழைய கொய்யாக் கவைக்கே திரும்பிற்றன். சைக்கிள் ரியூப் வெட்டிக் கட்டி, பழைய செருப்புத் தோல் வைச்சு. போல்ஸ் மட்டும் கனடாவின்ரை.

இப்ப பேணி விசயம். என்ன பேணி வைக்கிறீர்? மீன் பேணியோ, பெரிய பால்மாப் பேணியோ? எனக்கு மீன் பேணிதான் விருப்பம். சின்னனாய் இருந்தால்தான் எனக்கு உற்சாகம். ஆனால் உம்மட ஊராக்களும் போட்டிக்கு வருவினம், பாவங்கள். அவைக்காகப் பால்மாப் பேணி வைக்க வேண்டி வந்தால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். அறுபது அடியை நாப்பதாக்கினாலும் சகிச்சுக்கொள்ளுவன்.

மூண்டாவது, நாலாவது அடிக்குப் பிறகு வலக்கையிலை ஒரு அசைவு வருது. நடுக்கம் இல்லை. அசைவு. பிள்ளைக்கு இதைச் சொல்லவேண்டாம். மாமா நல்லா அடிக்கிறார் எண்டு சொல்லும்.

தவராசா


கள்ளப்பாடு
05.06.2024

மச்சான்,

பால்மாப் பேணி. குழுவிலை அதுக்கு வாய் நோகக் கதைச்சன். "ஏன் யோசெப், உம்மட மச்சானுக்குக் கண் தெரியாதோ?" எண்டு கேட்டிச்சினம். எனக்குத்தான் தெரியேல்லை, எண்ண வேண்டியவன் நான் எண்டு சொல்லிச் சமாளிச்சன். அறுபது அடியைக் குறைக்க விடேல்லை. மாப்பிள்ளையின்ர சித்தப்பன் அளக்கிற நாடாவோடை வருவாராம்.

பேணியளைக் கயிறிலை தூக்காமல் ஐஞ்சு கம்பத்துக்கு மேலை வைப்பம், கரையிலை மீன் வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்திலை, என்ர வலைக்குவியலடியிலை. ஸ்பீக்கரைக் கோவிலுக்குப் பின்பக்கம் மாத்தியாச்சு. சுவாமியார் தலையிலை ஒரு தொப்பி போடுறாராம்.

பதினைஞ்சாம் திகதி, சனிக்கிழமை பின்னேரம். சுமித்திரா அக்காவையும் கூட்டிக்கொண்டு வாரும். கையைப் பற்றி யோசியாதையும்.

பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன், மாமா நல்லா அடிக்கிறாராம் எண்டு. நான் சொன்ன முதல் புளுகு. உம்மோடை பழகினால் இப்பிடித்தான்.

யோசெப்


அக்கராயன்
17.06.2024

வெற்றி வாகை சூடிய தவராசா தன் அன்பு மச்சானுக்கு எழுதிக்கொள்வது,

நீர் அங்கை நிண்டனீர்தான். ஆனாலும் அறுபது அடிக்கு அங்காலை வலைக்குப் பின்னாலை குந்தியிருந்ததாலை முழுசாய்ப் பாத்திருக்கமாட்டீர். அதாலை எழுதிறன்.

ஐஞ்சு போல்ஸுக்கும் படலைக்கு அடிச்சு மிஞ்சின நீலப் பெயின்ற் பூசிக்கொண்டு வந்தனான், பிறகு ஒருத்தரும் இது ஆரின்ர அடி எண்டு கேக்கப்படாது எண்டு. முதலாவது பேணி: டங்! கம்பத்தாலை எழும்பி, காத்திலை ரெண்டு கரணம் அடிச்சு, மணலிலை நிமிர்ந்து நிண்டது. ரெண்டாவது: டங்! மாப்பிள்ளையின்ர சித்தப்பன் வாயிலை வைச்ச கச்சானைக் கோதோடை விழுங்கினார். மூண்டாவது: டங்! சுமித்திரா வாழ்க்கையிலை முதல் தடவையாய் எனக்கு ஒரு வேலையும் சொல்லாமல் நிண்டா. நாலாவது விளிம்பிலைதான் பட்டது, ஆனால் நான் குறி வைச்சதே விளிம்புக்குத்தான்.

ஐஞ்சாவதுக்கு முன்னாலை ஒரு அமைதி. கடலும் அலையை நிப்பாட்டினதை நீரே கண்டிருப்பீர். பிள்ளை ரெண்டு கையாலையும் முகத்தைப் பொத்திக்கொண்டு விரலுக்குள்ளாலை பாக்கிறாள். இழுத்தன். விட்டன். பேணி சத்தமில்லாமல், ஒரு பூ விழுகிற மாதிரி விழுந்தது! உலகத்திலை எந்தக் கெற்றப்போல்காரனும் சத்தமில்லாமல் பேணி விழுத்தினதில்லை. சனம் என்னைத் தோளிலை தூக்கிச்சுது. பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடிச்சு அழுதாள். சட்டையின்ர தோள் இன்னும் காயேல்லை, கழுவவேண்டாம் எண்டு சுமித்திராவுக்குச் சொல்லியிருக்கிறன்.

கலியாணத்துக்குப் பட்டு வேட்டி எடுத்தாச்சு. திட்டுத் திட்டாய் இல்லை, வெள்ளை.

ஐஞ்சுக்கு ஐஞ்சு
தவராசா


கள்ளப்பாடு
20.06.2024

மச்சான்,

இதைத் தனிய இருந்து வாசியும். வாசிச்ச உடனை அடுப்பிலை போடும். சிவரூபிக்கும் தெரியாது.

நாலு பேணி "டங்" எண்டது. ஐஞ்சாவது சத்தம் போடேல்லை. ஏனெண்டால் அதை விழுத்தினது நான்.

பேணி வைக்கிற பொறுப்பைக் கேட்டு வாங்கினதே அதுக்குத்தான். ஐஞ்சு பேணியின்ர அடியிலையும் தங்கூசி கட்டி, மணலுக்குள்ளாலை வலைக்குவியலுக்குக் கொண்டுவந்து வைச்சிருந்தனான். கடலிலை மீனுக்கே தெரியாத நூல், கரையிலை சித்தப்பனுக்கோ தெரியப்போகுது? நீர் அடிக்கேக்குள்ளை குண்டு தவறினால் நான் இழுக்கிறது, அதுதான் என்ர எண்ணம். ஆனால் நீர் ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு உண்மையாய் விழுத்திக்கொண்டு போறீர்! மச்சான், நான் வாயைத் திறந்தபடி இருந்தன். இருபத்தெட்டு வருசமாய் நீர் சொன்ன ஒண்டையும் நான் நம்பினதில்லை. அந்த நாலும் உண்மை.

ஐஞ்சாவதுக்கு நீர் இழுத்துக் குறி பாக்கிறீர், கை ஆடுது, எனக்குத் தெரியுது. அந்த நேரம் பாத்து ஒரு நண்டு நான் கட்டியிருந்த சாரத்துக்குள்ளை ஏறிச்சுது. திடுக்கிட்டு இழுத்துப்போட்டன். பேணி விழுது, நீர் இன்னும் றப்பரை இழுத்துப் பிடிச்சபடி நிக்கிறீர்! பிறகுதான் விட்டனீர். வெயில் சனத்தின்ர கண்ணிலை அடிச்சதாலை தப்பினம்.

ஆனால் சுவாமியார் கண்டிட்டார் போல. அண்டைக்கு இரவு சாப்பாட்டிலை என்னைப் பாத்து, "யோசெப், அந்தோனியார் காணாமல் போன சாமானெல்லாம் எடுத்துத் தாறவர். ஐஞ்சாவது குண்டைக் கேட்டுப் பாருமன்" எண்டார். அடுத்தநாள் விடிய, ஆக்கள் வர முதல் மணலை அரிச்சன். நீலப் பெயின்ற் பூசின போல்ஸ் நாலு கிடந்தது. கம்பத்துக்குப் பின்னாலை, வாடிக் கிடுகுக்குள்ளை, கடல்தண்ணி மட்டும் தேடிற்றன். ஐஞ்சாவது இல்லை.

எங்கை மச்சான் அது? வேறை ஆரும் எடுத்தால், எங்கை எடுத்தனீர் எண்டு கதை தொடங்கிப் பிள்ளையின்ர தலையிலை வந்து முடியும். எனக்கு நித்திரை இல்லை.

யோசெப்


அக்கராயன்
26.06.2024

மச்சான்,

நித்திரை கொள்ளும்.

முதலிலை, பேணி முந்தி விழுந்தது எண்டு எழுதியிருந்தீர். அது என்ர அடியின்ர வேகம். மின்னல் முந்தி, இடி பிந்தி. பத்தாம் வகுப்புப் படிச்சவைக்கு விளங்கும்.

இனி உண்மையை எழுதிறன். எழுதேக்குள்ளை கை நோகும் எண்டு தங்கச்சி சொன்னது சரிதான். இண்டைக்குத்தான் நோகுது.

நாலாவது பேணி விழுந்தாப் பிறகு வெயில் சரிஞ்சுது. ஐஞ்சாவது கம்பத்தடியிலை என்னவோ மினுங்கிச்சு. வடிவாய்ப் பாத்தன், நூல். மீனுக்குத் தெரியாதாம்! நான் கிளி கலைச்சு வளந்தவன் மச்சான், வயலுக்குக் குறுக்கை கட்டின நூல் எனக்குத் தெரியாதோ? அது எங்கை போகுது எண்டு கண்ணாலை பிடிச்சுக்கொண்டு போனன். வலைக்குவியலுக்குப் பின்னாலை உம்மட மொட்டைத் தலையும் அதே மாதிரி மினுங்கிச்சு. பேணிக்கும் தலைக்கும் ஒண்டரை முழம். கையிலை அசைவு தொடங்கிற்றுது. சரி, நடுக்கம். போன வருசம் பேணிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலை பத்து முழம். அதையே அடிச்சவன் நான்.

ஸ்பீக்கரைத் திருத்தலாம். பிள்ளையைக் கோவிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போறதுக்குத் தகப்பன் வேணும்.

அதாலை, குனிஞ்சு மணலிலை கை துடைக்கிற மாதிரிப் போல்ஸைப் பொக்கற்றுக்குள்ளை விட்டிட்டு, வெறுந்தோலை இழுத்தன். இழுத்துப்போட்டு, "எப்ப இழுக்கப்போறீர் மச்சான், கை நோகுது" எண்டு மனசுக்குள்ளை கத்திக்கொண்டு நிண்டன். நண்டுக்கு நன்றி சொல்லவேணும்.

அந்தோனியாரை இனிக் கரைச்சல்படுத்த வேண்டாம். இந்த உறைக்குள்ளை பஞ்சிலை சுத்தி ஒரு சாமான் வைச்சிருக்கிறன். நீல நிறம். மற்ற நாலோடையும் சேர்த்து வையும். இப்ப சுவாமியார் கேட்டாலும் ஐஞ்சு, சித்தப்பன் கேட்டாலும் ஐஞ்சு. சபதத்தைப் பற்றியும் யோசிச்சுப் பாத்தன். மாமன் விழுத்தினது நாலு, தகப்பன் விழுத்தினது ஒண்டு. பிள்ளையின்ர கலியாணத்துக்கு நாங்கள் ரெண்டு பேரும் வேற வேறயோ? கூட்டும், கணக்குச் சரி. ஐஞ்சாம் வகுப்பை ரெண்டு தரம் படிச்சவனுக்கு ஐஞ்சிலை பிழை வராது.

பத்தாம் திகதி விடிய வந்து நிப்பன். வாகனத்தாலை இறக்கி வரேக்குள்ளை என்ர கை நடுங்கினால், பிள்ளைக்குப் பயம், அவளின்ர கைதான் நடுங்குது எண்டு பக்கத்திலை நிக்கிற ஆக்களுக்குச் சொல்லும். நீர் இப்ப நல்லாப் புளுகுறீர்.

கடைசியாய் ஒண்டு. குளவி இருக்கேல்லை.

இதை வாசிச்ச உடனை அடுப்பிலை போடும். எரிஞ்சு முடிஞ்சாப் பிறகு குளவி இருந்ததுதான், பெருவிரலளவு.

உம்மட மச்சான்
தவராசா